ஏர்போர்ட்டில் இறங்கணும்

2023 முடியும்வரை, தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்த அரசுப் பேருந்துகள் பலவற்றில் விடியற்காலையில் ஒரு சின்னக் காட்சி நடக்கும். தாம்பரம் தாண்டியதும் யாராவது ஒருவர் தூக்கம் கலைந்து எழுந்து, மேலே செருகிவைத்த பையை இழுத்து இறக்கிக்கொண்டு முன்னால் போவார். "ஏர்போர்ட்டுல இறங்கணும்ணே." பல்லாவரம் கடந்து திரிசூலத்துக்கு எதிரே வண்டி அரை நிமிடம் ஓரங்கட்டும், அவர் இறங்குவார், வண்டி கத்திப்பாராவைப் பார்த்துப் போய்விடும். வடக்கே போகிற வண்டிக்கு விமான நிலையம் இடக்கைப் பக்கம் என்பதால் சாலையைக் கடக்கும் வேலைகூட அவருக்கு இல்லை. முந்தின இரவு நாகர்கோவிலிலோ தேனியிலோ ஏறியவர், இடையில் ஒருமுறைகூட வண்டி மாறாமல் விமான நிலைய வாசலில் நிற்பார். இதற்கென்று யாரும் திட்டம் போடவில்லை, அடிக்கல் நாட்டவில்லை, பெயர் வைக்கவில்லை. ஆனால் சென்னை விமான நிலையத்துக்கு அமைந்த மிகச் சிறந்த வெளியூர்ப் பேருந்து இணைப்பு அதுதான். பெயர் இல்லாததாலேயே, அது போனபோது எந்த நட்டக் கணக்கிலும் ஏறவில்லை.

வெளியூர்ப் பேருந்து நிலையத்தை நகரத்தின் விளிம்புக்குக் கொண்டுபோகும் வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது, முதலில் அதன் நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நியாயம் சிறியதல்ல. பாரிமுனையில் திருவள்ளுவர் பஸ் நிலையம் இருந்த நாட்களில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றிய தெருக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், 2002 நவம்பரில் கோயம்பேடு திறந்தபோது பெருமூச்சு விட்டார்கள். அன்று அது ஊருக்கு வெளியே என்ற கணக்குதான். சுமார் 37 ஏக்கரில், பேருந்துகள் உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனி வழியோடு, இந்தியாவின் மற்ற மாநிலத்தார் வந்து பார்த்துப் போகும்படி அது இருந்தது. இருபது ஆண்டுகளில் நகரம் அதைச் சூழ்ந்துகொண்டது. பண்டிகைக்கு முந்தின நாள் கோயம்பேட்டிலிருந்து கிளம்பிய பேருந்து பெருங்களத்தூரைத் தாண்டவே இரண்டு மூன்று மணி நேரம் ஆனது. விழுப்புரத்துக்குப் போகும் நேரத்தை நகரத்துக்குள்ளேயே தொலைத்துவிட்டுத்தான் நெடுஞ்சாலையைப் பார்க்க முடிந்தது. எனவே வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 88.52 ஏக்கரில் 393.74 கோடி ரூபாய் செலவில் கட்டிய முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது, சாலைப் போக்குவரத்து என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் அது சரியான முடிவு. தெற்கே போகிற வண்டி தெற்கு விளிம்பிலிருந்து கிளம்புவதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? விமானப் பயணிக்கும் வரைபடத்தில் பெரிய இழப்பு எதுவும் தெரியாது. விமான நிலையத்திலிருந்து கோயம்பேடு எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அதே தூரம்தான் கிளாம்பாக்கமும். திசைதான் எதிர். அதுவும் அவர் போக வேண்டிய திசை.

வரைபடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. கோயம்பேட்டுப் பேருந்து நிலைய வாசலுக்கு மெட்ரோ ரயில் வந்தது 2015 ஜூனில், நிலையம் திறந்து பன்னிரண்டரை ஆண்டுகள் கழித்து. விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்தது 2016 செப்டம்பரில். அன்றுதான் சென்னை வரலாற்றில் முதன்முறையாக, விமானத்திலிருந்து இறங்கியவர் ரயிலேறி, ஆலந்தூரில் ஒரு மாற்றத்தோடு, சில வண்டிகளில் அந்த மாற்றமும் இல்லாமல், வெளியூர்ப் பேருந்து நிலைய வாசலில் இறங்க முடிந்தது. பல ஆயிரம் கோடி செலவழித்துக் கட்டிய அந்த இணைப்பு தென் மாவட்டத்துப் பயணிக்குப் பயன்பட்டது ஏழு ஆண்டுகள் மட்டுமே. அதிலும் கொரோனா காலத்தைக் கழித்தால் ஐந்தரை தேறும். ரயில் வந்து சேர்ந்ததும் பேருந்து நிலையம் கிளம்பிவிட்டது. கிளாம்பாக்கம் திறந்த அன்று அங்கே மெட்ரோவும் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் சில நூறு மீட்டரில் ஓடும் புறநகர் ரயில் நிற்க ஒரு நடைமேடையும் இல்லை. ரயில் நிலையம், அதையும் முனையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை ஆகிய வேலைகள் எல்லாம் திறப்பு விழாவுக்குப் பின்னாலேயே இழுபட்டன. இந்தக் கட்டுரை குறை காண்பது இடத்தை அல்ல, வரிசையை. பேருந்தை முதலில் அனுப்பிவிட்டு, மனிதர்கள் அங்கே போய்ச் சேரும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசை.

இந்த வரிசையின் விலையைக் கிலோமீட்டரில் அளந்தால் தெரியாது. பெட்டியை எத்தனை முறை தூக்கி இறக்குகிறோம் என்று எண்ண வேண்டும். தில்லியிலிருந்து இரவு எட்டரை மணிக்கு இறங்குகிற ஒருவர் கும்பகோணம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கார் வைக்க வசதியில்லை. தள்ளுவண்டி ஓர் எல்லையோடு நின்றுவிடும். அங்கே பெட்டியைக் கையில் எடுக்கிறார், ஒன்று. சுரங்கப்பாதையில் இறங்கி ஏறித் திரிசூலம் ரயில் நிலையம், இரண்டு. பயணச்சீட்டு ஐந்து ரூபாயில் தொடங்குகிறது, அதில் குறை இல்லை. ஆனால் அந்த நேரத்து வண்டி வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு பிதுங்கி வருகிறது. வாசலில் நிற்பவர்களின் முழங்கால்களுக்கு நடுவே பெட்டியைத் திணிக்கிறார், மூன்று. பாதி வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டி எது என்று கேட்டுத் தெரிந்து ஏறியிருந்தால் வண்டலூரில் இறங்கலாம், நான்கு. அங்கே நடைமேம்பாலம், ஐந்து. பிறகு ஷேர் ஆட்டோவோ மாநகரப் பேருந்தோ, ஆறு. முனையத்தில் இறங்கினால் மாநகரப் பேருந்துகளின் பகுதி ஒரு பக்கம், வெளியூர்ப் பேருந்துகளின் கட்டடம் இன்னொரு பக்கம். பேட்டரி கார் கிடைத்தால் யோகம், இல்லையென்றால் நடை, ஏழு. கடைசியில் கும்பகோணம் வண்டியின் வயிற்றில் பெட்டியை வைக்கும்போது எட்டாவது முறை தூக்குகிறார். முனையத்தில் ரயில் நின்றால் இதில் இரண்டு குறையும். ஊர்க்காரர் இதைச் செய்துவிடுவார், ஏனென்றால் அவருக்கு எந்தப் படியில் கூட்டம் குறைவு என்று தெரியும். வந்தவருக்கு எதுவும் தெரியாது. மொழியும் தெரியாவிட்டால், மூன்றாவது தூக்கலுக்கு முன்பே டாக்சிக்காரரிடம் சரணடைந்துவிடுவார்.

விமானத்தில் வருகிறவனுக்கு டாக்சிக்குப் பணம் இருக்காதா, அவனுக்காகவா அரசு கவலைப்பட வேண்டும் என்று ஒரு மறுப்பு உடனே வரும். கேட்க நியாயமாக இருக்கும் இந்தக் கேள்வி, விமான நிலையத்தின் வருகைப் பகுதியைக் கூர்ந்து பார்க்காததால் வருவது. வளைகுடாவில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு கள்ளக்குறிச்சிக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். சீட்டை முதலாளி எடுத்துக் கொடுத்திருப்பார். ஊருக்குப் போகும் செலவு தொழிலாளியுடையது. கொழும்பிலிருந்து உறவினரின் சாவுக்கோ கல்யாணத்துக்கோ வருகிறவர்கள் இருக்கிறார்கள். கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நிலத்தை விற்றுவிட்டு வந்த குடும்பத்துக்கு, விமானம் வசதியின் அடையாளம் அல்ல, நோயாளி இரண்டு இரவு ரயிலில் தாங்கமாட்டார் என்பதன் அடையாளம். முன்கூட்டிப் பதிவு செய்தால் விமானச் சீட்டும் குளிர்பதன ரயில் சீட்டும் சில தடங்களில் அருகருகே வந்துவிட்ட காலத்தில், விமானப் பயணி என்றால் காசுக்காரர் என்ற எண்ணம் முப்பது ஆண்டு பழையது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காசுள்ளவர் டாக்சியில் போய்விடுகிறார் என்பதே, இணைப்பு இல்லாததன் விலையை இல்லாதவர் மட்டுமே கொடுக்கிறார் என்பதற்குச் சான்று. மறுப்பாகச் சொல்லப்பட்டது, குற்றச்சாட்டின் மறுபாதி.

டாக்சி வழியும் அவ்வளவு சுலபமாக இல்லை என்பதையும் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம். செயலி மூலம் கூப்பிடும் டாக்சிகள் பயணியை ஏற்றும் இடம் முனையத்தின் வாசலிலிருந்து அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்குப் போனபின், அங்கேயும் ஒரு நடை, ஒரு லிஃப்ட், ஒரு தேடல் சேர்ந்துகொண்டது. வாசலில் நெரிசலைக் குறைக்கப் பயணியின் நடையைக் கூட்டுவது என்ற அதே தர்க்கம் விமான நிலையத்துக்குள்ளேயும் வேலை செய்கிறது. கிளாம்பாக்கம் பெரிய அளவில் செய்ததை இது சிறிய அளவில் செய்கிறது.

இடம் மாறியதைவிட ஒருபடி மேலான சிக்கல், இடங்கள் பலவானது. முன்பெல்லாம் கோயம்பேடு என்ற ஒரே சொல் போதும். ஆந்திரப் பேருந்துகள் 2018-இல் மாதவரத்துக்குப் போயின. தெற்கே போகிறவை கிளாம்பாக்கத்துக்கு. வேலூர், பெங்களூரு போன்ற மேற்குத் திசை வண்டிகள் கோயம்பேட்டிலேயே நின்றன. தனியார் ஆம்னி பஸ்களைக் கிளாம்பாக்கத்துக்குப் போகச் சொல்லி 2024 ஜனவரி 24 முதல் உத்தரவு. உரிமையாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். கோயம்பேட்டில் சொந்தப் பணிமனை வைத்திருந்தவர்கள் அங்கிருந்தே பயணிகளை ஏற்றலாம் என்று பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது; போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளும் ஏறுமிடப் பட்டியலில் சேர்ந்தன. அதே பிப்ரவரியில், போதிய வண்டி இல்லை என்று கிளாம்பாக்கத்தில் பயணிகள் நள்ளிரவில் பேருந்துகளை மறித்ததையும் செய்தித்தாள் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று ஆம்னி பஸ் சீட்டு எடுக்கும்போது திரையில் விரியும் ஏறுமிடப் பட்டியலை ஓர் ஆவணமாக வாசிக்கலாம். பணிமனை, சிக்னல், பெட்ரோல் பங்க், மேம்பாலத்துக்குக் கீழே, சுங்கச்சாவடிக்கு முன்னால், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட இடைவெளியில் ஒரு நேரம். ஊர்க்காரருக்கு இது வசதிகளின் பட்டியல். விமானத்திலிருந்து இறங்கியவருக்கு இது ஒரு தேர்வு. இருட்டில் எந்த மேம்பாலத்தின் கீழ் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு விடை தெரிந்தால்தான் வண்டி கிடைக்கும்.

மாநகரப் பேருந்து இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கிளாம்பாக்கத்திலிருந்து நகரத்துக்குள் சில நிமிடங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வண்டிகள் ஓடுகின்றன. தாம்பரம் வழியாக வருகிறவை விமான நிலையத்தைக் கடந்தே போகின்றன. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. முதல் மாதங்களின் குழப்பத்தைத் தாங்கியதே அந்தப் பேருந்துகள்தான். ஆனால் கடந்து போவது வேறு, இணைப்பது வேறு. அந்த வண்டி நிற்பது நெடுஞ்சாலை ஓரத்தில், முனையத்தின் வாசலில் அல்ல. தெற்கே போகிற வண்டி நிற்பது சாலையின் அந்தப் பக்கம். பெட்டி வைக்க வண்டியில் தனி இடம் கிடையாது. கூட்ட நேரத்தில் பெரிய பெட்டியோடு ஏறுகிறவரை நடத்துநரும் சக பயணிகளும் பார்க்கும் பார்வையை யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வருகைப் பகுதியிலிருந்து வெளியே வரும் ஒருவருக்கு, கிளாம்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே ஏதோ கிராமம்போல் ஒலிக்கும். அதுதான் மாநிலத்தின் பாதிக்கு வாசல் என்று தெற்கே போகிற வண்டிகளின் நேரத்தோடு சொல்லும் ஒரு திரை, பெட்டி வரும் பட்டைக்கு மேலே இருக்க வேண்டும். ஓட்டல் விளம்பரத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் அந்த இடத்தில் சுவர் கிடைக்கிறது.

அந்தத் திரைக்கு இடம் ஏன் கிடைக்கவில்லை என்று தேடினால், யாரையும் குற்றவாளியாக நிறுத்த முடியாது. இதில்தான் இந்தப் பிரச்சினையின் வேர். விமான நிலையம் மத்திய அரசின் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்திடம். திரிசூலம் ரயில் தெற்கு ரயில்வேயிடம். மெட்ரோ தனி நிறுவனம். மாநகரப் பேருந்து ஒரு கழகம், விரைவுப் பேருந்து இன்னொரு கழகம், விழுப்புரம், கும்பகோணம், மதுரைக் கோட்டங்கள் தனித்தனிக் கழகங்கள். கிளாம்பாக்கம் முனையத்தைக் கட்டியது பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. வாசலிலிருந்து வாசலுக்கு 15 கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் இத்தனை வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவரும் தன் வேலியை ஒட்டித் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் நகரும் நடைபாதை இருக்கிறது, முனையத்தில் குளிரூட்டிய கூடம் இருக்கிறது. இரண்டு வேலிகளுக்கும் நடுவில் இருப்பது யாருடைய வேலையும் இல்லை. அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளத்தான் 2010-இல் சட்டம் போட்டு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உண்டாக்கினார்கள். அதன் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் 2022 நவம்பரில் நடந்தது. சட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டு. 2025-இல் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது, காலம் கடந்தாலும் நல்ல காரியம். ஆனால் அது நகரத்துக்குள் சுற்றுகிறவரை நினைத்துச் செய்தது. நகரத்துக்கு வெளியிலிருந்து வந்து நகரத்துக்கு வெளியே போகிறவர், அதாவது நகரத்தைத் தாண்டிப் போக வேண்டியவர், அந்தக் கணக்கில் இன்னும் முழுதாக வரவில்லை. அவருக்குச் சென்னையில் ஓட்டு இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதெல்லாம் எந்தப் பெருநகரத்திலும் உள்ளதுதானே என்பவர்களுக்கு, தமிழ் வாசகர் பலர் போய்வந்திருக்கும் கோலாலம்பூரைக் காட்டலாம். அங்கேயும் நகரத்தின் நடுவில் 1970-களிலிருந்து புடுராயா பேருந்து நிலையம் இருந்தது. புகை, தரகர், நெரிசல் என்று பாரிமுனையின் அத்தனை நோயும் அதற்கு உண்டு. தெற்கே போகிற பேருந்துகளை அங்கிருந்து கிளப்பி, 2011-இல் பண்டார் தாசிக் செலாத்தானில் புதிய முனையத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் விளிம்புதான், அங்கேயும் மக்கள் முணுமுணுத்தார்கள். வேறுபாடு வரிசையில் இருக்கிறது. அந்த இடத்தில் எல்.ஆர்.டி. ரயில் 1998-லிருந்தே நின்றுகொண்டிருந்தது. விமான நிலையத்திலிருந்து வரும் டிரான்சிட் ரயில் 2002 முதல் நின்றது. கம்யூட்டர் ரயிலும் அங்கே உண்டு. ரயில்கள் கூடும் இடத்தைத் தேடிப் பேருந்து நிலையம் போனது. விமானத்திலிருந்து இறங்குகிறவர் ஒரே ரயிலில் ஏறி, மேம்பால நடைபாதையில் நடந்து, மலாக்கா வண்டிக்குச் சீட்டு எடுக்கிறார். சீட்டு எடுப்பதும் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான முகப்பில். கையைப் பிடித்து இழுக்கும் தரகர்களுக்கு அங்கே வேலை குறைந்துபோனது. விமான நிலையத்துக்குள்ளேயே ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் நேராகப் போகும் பேருந்துகள் நிற்பது தனி. மலேசியர்களின் திறமைக்கு நான் மாலை போடவில்லை. அவர்களுடைய விமான நிலையம் ஊருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், இணைப்பைப் பற்றி யோசிக்காமல் இருக்கும் சொகுசு அவர்களுக்கு இல்லாமல் போனது. சென்னைக்கு அந்தச் சொகுசு இருந்தது. விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே, நெடுஞ்சாலை ஓரத்திலேயே, ரயில் பாதைக்கு எதிரேயே இருந்ததால், எப்படியும் போய்விடுவார்கள் என்று விட்டுவிட்டோம்.

விமான நிலையத்திலிருந்தே மாவட்டங்களுக்குப் பேருந்து விட்டால் காலியாகத்தான் ஓடும், கழகங்கள் ஏற்கெனவே நட்டத்தில் இருக்கின்றன என்ற மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. விமானம் வரும் நேரமும் பேருந்து நிரம்பும் நேரமும் ஒத்துப்போகாது. தாமதமாகும் விமானத்துக்காக வண்டி காத்திருக்கவும் முடியாது. பெங்களூருவில் இதற்கு விடை காண முயன்றிருக்கிறார்கள். தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து மைசூருக்குக் கர்நாடக அரசுக் கழகம் ஓட்டும் ஃப்ளைபஸ் பல ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. நகரத்துக்குள் போகும் வாயு வஜ்ரா வண்டிகளில் பெட்டிக்குத் தனித் தட்டு இருக்கிறது. அங்கேயும் எல்லா ஊருக்கும் அது எடுபடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மைசூரைப்போல் நாள் முழுதும் ஆள் போகிற தடம்தான் நிற்கிறது. எனவே சென்னையிலிருந்து நாற்பது ஊருக்கு நேர்ப் பேருந்து கேட்பது பேராசை. புதுச்சேரி, வேலூர் என்று இரண்டு தடங்களுக்கு முயன்று பார்க்கலாம். மற்றவற்றுக்குத் தேவை, முனையத்தோடு சேர்க்கும் ஒரு சிறிய வண்டி. பெட்டித் தட்டோடு, வருகைப் பகுதி வாசலிலிருந்து கிளம்பி, இடையில் எங்கும் நிற்காமல், கிளாம்பாக்கத்தில் வெளியூர்ப் பேருந்துகளின் கட்டடத்துக்குள்ளேயே போய் நிற்கும் வண்டி, இருபத்து நான்கு மணி நேரமும்.

வருகிறவருக்கு அது. விமானம் பிடிக்கப் போகிறவருக்கு இன்னும் மலிவான வழி உண்டு. வெளியூர்ப் பேருந்துகளை நகரத்துக்குள் விடாததற்குச் சொல்லும் ஒரே காரணம் நெரிசல். விடியற்காலை மூன்றரை மணிக்கு, விமான நிலையத்தை ஒட்டிப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் என்ன நெரிசல் இருக்கிறது? இரவுப் பேருந்துகளில் பெரும்பகுதி சென்னையை எட்டுவது மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில். காலை விமானங்களின் பயணிகளும் அந்த நேரத்தில்தான் போக வேண்டும். மெட்ரோவின் முதல் வண்டி ஐந்து மணிக்கு. அதற்கு முன்னால் சாலையைத் தவிர வேறு வழி இல்லை. பகலுக்குப் பொருந்தும் ஒரு விதியை இரவுக்கும் நீட்டி, காலிச் சாலையின் ஓரத்தில் பயணியை இறக்கிவிட்டு, ஆட்டோவோடு பேரம் பேச வைப்பதில் எந்த நகரத் திட்டமும் இல்லை. ஐந்து மணிக்கு முன் வந்து சேரும் விரைவுப் பேருந்துகள் விமான நிலையம்வரை போய்த் திரும்பும் என்று, சிறப்பு ஏற்பாடாக அல்லாமல் கால அட்டவணையிலும் முன்பதிவுத் திரையிலும் எழுதிவைத்தால், முதல் பத்தியில் சொன்ன அந்தப் பேருந்துகள் தாமாகச் செய்துகொண்டிருந்ததை அரசு செய்ததாக ஆகும். கூடுதல் ஓட்டம் போக வர 31 கிலோமீட்டர். ஓட்டுநரின் வேலை நேரம் நீளும், டீசல் செலவு உண்டு. சீட்டில் முப்பது ரூபாய் கூட்டினாலும், ஆட்டோவுக்குக் கொடுப்பதை நினைத்துப் பயணி மகிழ்ச்சியாகக் கொடுப்பார்.

மெட்ரோ வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15.46 கிலோமீட்டர் நீட்டிப்பு, மதிப்பீடு 9,335 கோடி ரூபாய். மாநில அரசு அதில் உறுதியாகவே இருக்கிறது. வந்தால் நல்லது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். முதல் கட்ட மெட்ரோ 2009-இல் பணி தொடங்கி விமான நிலையத்தை எட்ட ஏழு ஆண்டு ஆனது. நீட்டிப்புக்கு மத்திய அரசின் ஒப்புதல், கடன், நிலம், நெடுஞ்சாலை மேம்பாலங்களோடு உரசாமல் தூண் வைக்கும் சிக்கல் என்று வரிசையாக இருக்கின்றன. கோயம்பேடு காத்திருந்ததைப்போலக் கிளாம்பாக்கமும் பன்னிரண்டரை ஆண்டு காத்திருக்குமானால், 2036. அன்றைக்குச் சென்னை செங்கல்பட்டைத் தொட்டிருக்கும். முனையத்தை இன்னும் தெற்கே தள்ளலாமா என்று யாராவது கேட்கத் தொடங்கியிருப்பார்கள். 9,335 கோடிக்குக் காத்திருக்கும் நேரத்தில், பெட்டித் தட்டு வைத்த பத்து வண்டிகளுக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசாமலிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. பெரிய திட்டம் வரப்போகிறது என்பதே சிறிய வேலையைச் செய்யாமலிருக்கச் சாக்காகிவிடுகிறது.

இதே ஆட்டம் மேற்கே இன்னொரு முறை தொடங்குகிறது. வேலூர், பெங்களூரு வண்டிகளைக் கோயம்பேட்டிலிருந்து மாற்றுவதற்காகத் திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்தில் முனையம் எழுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் கட்ட மெட்ரோவின் கலங்கரை விளக்கத் தடம் பூந்தமல்லியோடு முடிகிறது. முனையம் அதற்குச் சில கிலோமீட்டர் அப்பால். கொல்கத்தா நோயாளி இன்று விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் கோயம்பேடு வந்து, சக்கர நாற்காலியை லிஃப்டில் இறக்கி, வேலூர் பேருந்தில் ஏற முடிகிறது. சென்னையில் விமானமும் வெளியூர்ப் பேருந்தும் உண்மையாகவே கைகோத்து நிற்கும் கடைசி இடம் அது. அந்த வண்டிகள் பூந்தமல்லியைத் தாண்டிப் போய்விட்டால் அவரும் எட்டு முறை தூக்க வேண்டியவராவார். அதற்கும் அப்பால், 2022-இல் இடம் அறிவித்த பரந்தூர் விமான நிலையம், நிலம் கொடுக்க மறுக்கும் ஏகனாபுரத்து மக்களின் போராட்டத்துக்கு நடுவே, காகிதத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோவை நீட்டும் திட்டம் திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகிறது. அதாவது விமான நிலையம், பேருந்து முனையம், ரயில் மூன்றும் ஒரே கோட்டில் அமையும் வாய்ப்பு, வரைபடத்திலாவது, சென்னைக்கு மறுபடியும் வந்திருக்கிறது. மூன்றில் பேருந்து முனையம் மட்டும் ஏற்கெனவே கட்டி எழுந்து நிற்கிறது.